டபிள்யூ. ஜி. கிரேஸுக்கு இரண்டாவது மாலை

அத்தியாயம் 6

மதுமதி அந்த வெறும் ஆணியைப் பார்க்கத் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஆணி இன்னும் வாய் திறக்கவில்லை. அதற்கும் சேர்த்துத் தாளாளர் மணிமாறன் பேசிக்கொண்டிருந்தார்.

“உலகின் நாற்பத்தொரு மகத்தான பேட்ஸ்மேன்கள். ஒரு கல்வி வளாகத்தில் இப்படியொரு காட்சியகம் இதுவே முதல். கவனியுங்கள், நாற்பது அல்ல, நாற்பத்தொன்று. அந்த நாற்பத்தொன்றாவது மனிதர் என் தந்தை தங்கசாமி. அவரைத்தான் நேற்று மத்தியானம் களவாடிவிட்டார்கள்.”

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே, முன்பு நிலக்கடலை விளைந்த முப்பது ஏக்கரில் இப்போது தங்கம் கல்வி நிலையங்கள் விளைந்திருந்தன. மைதானம் ஒன்று உண்டு. அதற்குப் பூட்டும் உண்டு. நுழைவுத் தேர்வு முடியும்வரை எந்தப் பிள்ளையும் மட்டையைத் தொடக்கூடாது என்பது விடுதி விதி. ஆகவே அந்த வளாகத்தில் கிரிக்கெட் முழுக்கச் சுவரில்தான் நடந்தது. ரஞ்சி பந்தைக் காலோரம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். பிராட்மேன் புல் ஷாட் அடித்து முடித்திருந்தார். விக்டர் ட்ரம்பர் கிரீஸை விட்டுத் தாவி, மட்டையை வானத்துக்குத் தூக்கி, நூறு வருடத்துக்கு மேலாக இன்னும் அடிக்காமல் நின்றார். மேதைகளுக்கு உரிய மரியாதை செய்யுங்கள் என்று தாளாளர் உத்தரவிட்டிருந்தார். ஊழியர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே முறையில் செய்திருந்தார்கள்: ஒவ்வொரு படத்துக்கும் சந்தன மாலை, கண்ணாடியில் நெற்றி வரும் இடத்தில் குங்குமப் பொட்டு, மேலே ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு.

ட்ரம்பருக்குப் பக்கத்தில்தான் அந்த வெறும் ஆணி.

“எடுத்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை,” என்றார் மணிமாறன். “உங்களை அழைத்தது கண்டுபிடிக்க அல்ல. ஒப்புக்கொள்ள வைக்க.”

ஒப்புக்கொள்ள வேண்டியவர் அறையின் கோடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கரீம் பாஷா. சூரமங்கலத்தில் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை. அந்தக் கடைக்கு மேல் மாடியில்தான் மதுமதியின் துப்பறியும் அலுவலகம். பதினைந்து வருடமாக அவள் அவரைப் பார்க்கிறாள். ஆனால் ‘எனக்குத் தெரிந்த நல்ல மனுஷன்’ என்பதை எந்தக் காவல் நிலையத்திலும் சாட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை.

தாளாளரின் கணக்கில் ஓட்டையும் இல்லை. சுவரில் இருந்த நாற்பது படங்கள் இன்டர்நெட்டில் இறக்கி அச்சடித்தவை. 1961-இல் எடுத்த தங்கசாமியின் படம் மட்டும் அசல். அது பாஷாவுக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் அத்தனைக்கும் ஃப்ரேம் போட்டவர் அவர். பழைய கிரிக்கெட் படங்களை வாங்கும் பெங்களூர்க்காரர் ஒருவர் போன வாரம் அவருக்கு இரண்டு முறை போன் செய்திருக்கிறார். புகார் மனு தட்டச்சாகித் தயாராக இருந்தது. நான்கு மணித் திறப்பு விழாவுக்கு வரும் போலீஸ் அதிகாரியின் கையில் நேரடியாகக் கொடுக்கப்படும்.

மணி பன்னிரண்டு.

“ஞாயித்துக்கிழமை என் பொண்ணு இர்பானாவுக்கு நிச்சயம்மா,” என்றார் பாஷா மெதுவாக. “மாப்பிள்ளை வீட்டுல போலீஸ்னு காதுல விழுந்தாலே போதும். அவங்களுக்கு வேற காரணம் வேண்டியதில்ல.”

மதுமதி கண்காணிப்புக் கேமராவை அண்ணாந்து பார்த்தாள். வாட்ச்மேனும் மரியாதைக்கு அண்ணாந்தார்.

“அதுக்கு இன்னும் ஒயர் இழுக்கலீங்க மேடம். விழாவுக்குப் பார்வையா இருக்கட்டும்னு மாட்டுனது.”

“ரிஜிஸ்டர்?”

ரிஜிஸ்டர் வந்தது. நேற்று பதினேழு வண்டிகள். எண், வந்த நேரம், போன நேரம், டிரைவர் கையெழுத்து, எல்லாம் முத்து முத்தாக.

“நடந்து வந்தவங்க?”

“நடந்து வர்றவங்களை எழுதறதில்லீங்க. நடந்து வர்றவங்க என்னத்தப் பெருசா எடுத்துட்டுப் போயிருவாங்க?”

மதுமதி ரிஜிஸ்டரை மூடினாள். பத்து வருடம் லாரி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விசாரணை செய்தவள். சொந்த லாரியைத் தானே கொளுத்திவிட்டுக் கதறி அழுத முதலாளிகளிடம்கூட அவள் இவ்வளவு சலித்ததில்லை.

“ஏனுங்கம்மிணி,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “இவுரு எந்த மடத்துச் சாமியாருங்க?”

சின்னுசாமி. போர்வெல் லாரி ஓட்டி முப்பது வருடம் ஊர் ஊராகப் பூமியைத் துளைத்தவர். ஓய்வு பெற்றபின் மதுமதியிடம் சேர்ந்து மனிதர்களைத் துளைத்துக்கொண்டிருந்தார். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த உதவியாளர். அவர் காட்டிய படத்தில் மார்பை மறைக்கும் தாடியோடு, யாரையும் சட்டை செய்யாத பார்வையோடு டபிள்யூ. ஜி. கிரேஸ் நின்றார்.

“சாமியார் இல்லண்ணா. இங்கிலாந்து டாக்டர். பேட்ஸ்மேன். அவுட்டுன்னு அம்பயர் சொன்னாலும் நகர மாட்டாராம், அப்படிச் சொல்லுவாங்க.”

“எங்க லாரிச் சங்கத் தலைவராட்டம். சரி, அதுக்காக இவுருக்கு மட்டும் ரெண்டு மாலையா?”

மதுமதி திரும்பினாள். ரஞ்சிக்கு ஒன்று. ட்ரம்பருக்கு ஒன்று. பிராட்மேனுக்கே ஒன்றுதான். கிரேஸுக்கு மட்டும் இரண்டு.

“சார், மாலை எத்தனை வாங்கினீங்க?”

“நாற்பத்தொன்று. தந்தைக்குப் போட்டதையும் சேர்த்துத்தான் திருடிப் போயிருக்கிறான்.”

“போகல. இங்க இருக்கு.”

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். முதல் மாலை சும்மா தொங்கியது. இரண்டாவது மாலை கிரேஸின் சின்ன ஃப்ரேமுக்கு நீளம் அதிகம். அதனால் யாரோ அதை மடக்கி, வாழை நாரால் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். அவள் விரலால் நெம்பிப் பார்த்தாள். முடிச்சு அசையவில்லை.

இறங்கி வெறும் ஆணிக்குக் கீழே குனிந்தாள். வெள்ளைச் சுவரில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புத் தீற்றல்.

“வெற்றிலை எச்சில்,” என்றார் மணிமாறன். “பண்பாடற்றவன்.”

“குங்குமம் சார். படத்தை எடுக்கறதுக்கு முன்னாடி, இங்கேயே நின்னு, பொட்டை அழிச்சிருக்காங்க. விக்கறதுக்கு எடுக்கறவன் வீட்டுக்குப் போய்த் துடைச்சுக்க மாட்டானா? அந்த ஒரு நிமிஷம்கூட ஏன் பொறுக்க முடியல?”

“மாலையைக் கீழ போடவும் மனசு வரல,” என்றார் சின்னுசாமி. “சாமியாட்டம் தெரிஞ்சவருக்குப் போட்டுட்டுப் போயிருக்குது. நல்ல குடும்பத்துத் திருட்டுங்க.”

“கிரிக்கெட் தெரிஞ்சவங்க யாரும் கிரேஸைச் சாமின்னு நினைக்க மாட்டாங்க. பெங்களூர்க்காரர் அனுப்பின ஆள் இல்ல சார் இது.”

மணிமாறனுக்கு அதில் அக்கறை இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். “நான்கு மணி,” என்றார். ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலுக்கு வெள்ளித் தட்டா, பித்தளைத் தட்டா என்று விசாரிக்கப் போய்விட்டார்.

சின்னுசாமி சுவரோரமாக நடந்து சச்சின் படத்தின்முன் நின்றார்.

“இந்தத் தம்பி உசுரோடதானுங்க இருக்குது?”

“ஆமாண்ணா.”

“உசுரோட இருக்கறவருக்கு இப்பிடி மாலையப் போட்டு, பொட்டு வெச்சு, செவப்பு லைட்டும் போட்டு உட்டுருக்கறாங்க. என்ற படத்துக்கு இப்பிடிப் பண்ணியிருந்தா எங்கூட்டுக்காரி இந்தக் கட்டடத்தையே பேத்திருப்பா.”

மதுமதி அவர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க.”

“எதுங்க, கட்டடத்தப் பேக்கறதுங்களா?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் பொருந்தியது. உயிரோடு இருக்கிறவரின் படத்துக்குச் சந்தன மாலை. அதைப் பார்த்துப் பதறிய ஒரு மனைவி. முதலில் பொட்டை அழித்தாள், பிறகு படத்தை எடுத்தாள். எல்லாம் பொருந்தி ஒன்று மட்டும் இடித்தது: தங்கசாமி இறந்து பதினோரு வருடம். அவர் மனைவி அதற்கும் முன்பே போய்விட்டார். கணவரோ செத்தவர், பதற மனைவியும் இல்லை.

ஒரு நல்ல யோசனை வந்து, வந்த வழியே திரும்பிப் போவதைப்போல எரிச்சலான விஷயம் அவள் தொழிலில் வேறு கிடையாது. அவள் போகிற யோசனையின் வாலைப் பிடித்தாள்.

“வாழை நாரை எப்பவும் இடுப்புல செருகி வெச்சிருக்கறவங்க யாரு அண்ணா?”

“பூக்காரிங்க.”

வாட்ச்மேனுக்கு அது தெரிந்திருந்தது. யாரும் கேட்காததால் சொல்லவில்லை. “நேத்து தோரணத்துக்குப் பூ கொண்டாந்தது சங்ககிரி ஆத்தாயிங்க. பஸ்ஸுல வந்து நடந்துதான் வந்துச்சு. அதான் எழுதல. பெரிய கூடைங்க, மேல ஈரத்துணி போட்டு மூடியிருந்துச்சு.”

சங்ககிரி பஸ் நிலையத்தில் ஆத்தாயியின் இடம் காலியாக இருந்தது. பக்கத்து வாழைப்பழக்காரி, “நேத்து பொழுதோட போனவதானுங்க, போன் போட்டாலும் எடுக்க மாட்டீங்கறா,” என்று சொல்லி, மலைக்கோட்டைப் பக்கம் மூன்றாவது சந்து என்று கை காட்டினாள். மூன்றாவது சந்தில் ஆத்தாயி என்று யாரும் இல்லை. நான்காவது சந்துக்குத் திரும்பியபோது லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையிலிருந்து ஒரு பன்னிரண்டு சக்கர லாரி ரிவர்ஸில் வெளியே வந்தது. பாதி வந்ததும் நின்றுவிட்டது.

“டீசல் இல்லீங்களாம்,” என்றார் சின்னுசாமி, விசாரித்துவிட்டு வந்து. “வாங்கிட்டு வர ஆள் போயிருக்குது.”

“எதுல போயிருக்கு?”

“நடந்துங்க.”

மணி இரண்டே கால். மதுமதி காரை அங்கேயே விட்டுவிட்டு, லாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி நடந்தாள். புதுப் பெயிண்ட் அவள் துப்பட்டாவில் ஒட்டியது. துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளை அவள் மனதுக்குள் நல்ல தமிழில் திட்டினாள்.

சந்தின் கடைசி வீடு. வாசலில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி சம்பங்கி கட்டிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் விரல்கள் நின்றன.

“ஆத்தாயிங்களா? நேத்து காலேஜ்ல ஒரு போட்டோ…”

“போட்டோவா? எங்கூட்ல போட்டோவே கெடையாதுங்க சாமி. போட்டோன்னாலே எனக்கு ஆகாது.”

“ஆத்தாயி,” என்றது உள்ளேயிருந்து ஒரு கிழக்குரல். “அந்தப் படத்துக்கு வந்திருந்தாங்கன்னா எடுத்துக் குடுத்தனுப்பு. திரும்ப மாட்டட்டும்.”

ஆத்தாயி பூவைக் கூடையில் போட்டார். “இந்த மனுசன் வாய வெச்சுட்டுச் சும்மா இருக்குதா பாருங்க.”

கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவருக்கு எண்பத்து நான்கு வயது. முழங்கால் இரண்டும் வளைந்திருந்தன. பெயர் நாச்சிமுத்து. மேட்டூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“கம்பெனி டீமுக்கு நாந்தானுங்க மூணாவது எறங்குவேன்,” என்றார். “அறுபத்தொண்ணுல மெட்ராஸ்லருந்து ஒரு டீமு வந்துச்சு. எறங்கி வந்து, மட்டையத் தூக்கி அடிக்கப் போறேன் பாருங்க, அப்ப எடுத்த படம். கம்பெனி போட்டோக்காரரு எடுத்தாரு.”

“அந்தப் பந்து சிக்ஸருங்களா?” என்றார் சின்னுசாமி.

“அவுட்டுங்க. பந்து என்னையத் தாண்டிப் போச்சு, கீப்பர் குச்சியத் தட்டிட்டாரு. ஆனா படத்துல அது தெரியாதுங்களே.”

மதுமதி படியில் உட்கார்ந்துவிட்டாள். தந்தை என்று தாளாளர் சுவரில் ஏற்றிய மனிதர் அவள் எதிரே உயிரோடு நின்று கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்.

“பூவை வெச்சுட்டு நிமிந்து பாக்கறனுங்க,” என்றார் ஆத்தாயி. “கண்ணாலத்தப்பப் பாத்த மூஞ்சி மறக்குமுங்களா? நெத்தில பொட்டோட, தலைக்கு மேல செவப்பு லைட்டோட நிக்கறாரு. காலைலதான் கூழு கரைச்சுக் குடுத்துட்டுப் போறேன். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பொட்டத் தொடச்சேன். மாலையக் கழட்டி அந்தத் தாடிச் சாமிக்குப் போட்டு, எங்கூட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு கும்புட்டுட்டு, படத்தக் கூடைல வெச்சு எடுத்துட்டு வந்துட்டேன்.”

“நாப்பது பெரிய ஆளுங்களோட வெச்சிருந்தாங்களாம்,” என்றார் நாச்சிமுத்து மனத்தாங்கலோடு. “எனக்குப் பக்கத்துல ஆருன்னு கேட்டா இவளுக்குச் சொல்லத் தெரியல.”

“விக்டர் ட்ரம்பர்,” என்றாள் மதுமதி.

கிழவர் கதவுநிலையை இறுகப் பிடித்துக்கொண்டார். “ட்ரம்பருக்குப் பக்கத்துலயா,” என்றார். “செத்தவங்களத்தான் அங்க வெப்பாங்கன்னா, நான் செத்துட்டேன்னே வெச்சுக்கட்டுமுங்க. எனக்கொண்ணும் ஆட்சேபனை இல்ல.”

“வாயக் கழுவுங்க மொதல்ல.”

“அம்மா,” என்றாள் மதுமதி. “இந்தப் படத்துக்காக ஒருத்தரை உக்கார வெச்சிருக்காங்க. ஃப்ரேம் போட்ட பாய். நாலு மணிக்குப் போலீஸ்ல குடுத்துருவாங்க.”

ஆத்தாயியின் முகம் மாறியது. “அந்தப் பாயா? நான் தோரணம் கட்டறதுக்கு அவருதான சாமி ஸ்டூலத் தூக்கியாந்து போட்டாரு.” எழுந்து உள்ளே போய், பழைய சேலையில் சுற்றிய ஃப்ரேமைக் கொண்டுவந்தார். “நான் வாரேன். எந்த ஸ்டேசனுக்குன்னாலும் வாரேன்.”

ஃப்ரேம் நேற்றுப் பூக்கூடையின் ஈரத்தில் கிடந்திருந்தது. பின்னட்டை ஊறி உப்பியிருந்தது. மதுமதி வாங்கிச் சாய்த்தபோது, படத்தைச் சுற்றியிருந்த கெட்டி அட்டை, ஃப்ரேம் கடைக்காரர்கள் மவுண்ட் என்பார்களே, அது கண்ணாடிக்குள்ளேயே சரிந்தது. படத்தின் வலது ஓரத்தில் இரண்டு அங்குலம் புதிதாக முளைத்தது.

அந்த இரண்டு அங்குலத்தில், எல்லைக்கோட்டுக்கு அருகே, தோளில் சோடாப் பெட்டியோடு ஒரு இளைஞன் வாய் பிளந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அகலமான நெற்றி, ஒட்டிய காது, முன்னால் தள்ளிய தாடை. தாளாளர் அறைக்கு வெளியே பன்னிரண்டு அடி உயர பேனரில் மதுமதி காலையில் பார்த்த அதே முகம்.

“இவன் தங்கசாமியாச்சே,” என்றார் நாச்சிமுத்து மகிழ்ச்சியோடு. “மேட்ச்சுக்குச் சோடா போடுவான். நல்ல பையன். எனக்கு மட்டும் ஒரு கலர் சோடா ஓசில குடுப்பான்.”

சின்னுசாமி நீளமாக மூச்சு விட்டார். “அப்பனை மறைச்சுட்டு அப்பனுக்கு மாலை போட்டுருக்கறாரு அம்மிணி.”

லாரிக்கு டீசல் வந்து, அது நகர்ந்து, அவர்கள் வளாகத்துக்குத் திரும்பியபோது மணி மூன்று நாற்பது. காரை வெளியே விட்டு நடந்து வந்த நால்வரையும் வாட்ச்மேன் இந்த முறை ரிஜிஸ்டரில் எழுதப் பார்த்தார். மதுமதி ஒரு பார்வை பார்த்தாள். பேனாவை மூடிக்கொண்டார்.

பட்டு அங்கவஸ்திரம் போட்டிருந்த மணிமாறன் சேலைப் பொதியைப் பார்த்ததும் மலர்ந்தார். “பாய் ஒளித்த இடம் கிடைத்துவிட்டதா?”

“படத்துல இருக்கறவரே வந்திருக்கார் சார். இவர் நாச்சிமுத்து. அவர் மனைவிதான் படத்தை எடுத்தாங்க. உயிரோட இருக்கற புருஷனுக்கு மாலை போட்டிருந்தா யார்தான் எடுக்க மாட்டாங்க?”

தாளாளர் கிழவரின் முழங்காலிலிருந்து தலை வரை பார்த்தார். “யாரோ ஒரு முதியவரைக் கூட்டி வந்து என் தந்தையின் புகழை… இதற்கு என்ன ஆதாரம்?”

மதுமதி ஃப்ரேமை மேசையில் வைத்து வலப்பக்கமாகச் சாய்த்தாள். மவுண்ட் சரிந்தது. சோடாப் பெட்டியோடு தங்கசாமி எட்டிப் பார்த்தார்.



“பாய்,” என்றாள் மதுமதி, தாளாளரிடமிருந்து கண்ணை எடுக்காமல். “இதை மறைச்சு மவுண்ட் போடச் சொன்னது யாரு?”

கரீம் பாஷா நாற்காலியிலிருந்து எழுந்து தாளாளரைப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. காலையிலேயே ஏன் சொல்லல?” சலிப்பு அவள் குரலில் பச்சையாகத் தெரிந்தது. “இந்த வெயில்ல நான் சங்ககிரி முழுக்க அலைஞ்சிருக்கேன்.”

“கஸ்டமர் மூடச் சொன்னதை நான் எப்படிம்மா திறக்கறது?”

மணிமாறன் உட்கார்ந்தார். அங்கவஸ்திரம் நழுவியது. “அவர் சோடா விற்றார் என்று அந்த அதிகாரியிடம் எப்படிச் சொல்வது?” என்றார். முதல் முறையாக அவர் பேச்சில் மேடை இல்லை. “அப்பாவே பெருமையாத்தான் சொல்லிட்டிருப்பாரு. எனக்குத்தான்…”

“அதுக்காக ஒருத்தரை உள்ள தள்ளப் பார்த்தீங்க.”

“படம் வந்துவிட்டதல்லவா? புகார் இல்லை. வைத்துக்கொள்ளுங்கள்.” மனுவை பாஷாவின் பக்கம் தள்ளினார். “ஆனால் ஆணி வெறுமையாக இருக்கக்கூடாது. அழைப்பிதழில் நாற்பத்தொன்று என்று அச்சடித்தாயிற்று.”

“மாட்டட்டுமுங்க,” என்றார் நாச்சிமுத்து உடனே.

“மாலை கூடாது,” என்றார் ஆத்தாயி அதைவிட உடனே. “பொட்டும் கூடாது. அந்தச் செவப்பு லைட்டப் புடுங்கிப் போட்டுட்டு, எங்கூட்டுக்காரரு பேர எழுதிட்டு மாட்டுங்க.”

ஊறிப்போன ஃப்ரேமைப் பத்து நிமிடத்தில் மாட்டும் நிலைக்குக் கொண்டுவர அந்த வளாகத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும். விழாவுக்காக வாசலில் கூடியிருந்த நான்கு முனைவர்களும் இரண்டு முதல்வர்களும் அந்த ஒருவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கரீம் பாஷா பையைத் திறந்து கத்தியை எடுத்தார். ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியைத் துடைத்து, படத்தைப் புது அட்டையில் பரப்பினார். பிறகு நிமிர்ந்தார்.

“மவுண்ட் எவ்வளவு உள்ள வைக்கறதுங்க சார்?”

தாளாளர் படத்தைப் பார்த்தார். சோடாப் பெட்டியைப் பார்த்தார். மதுமதியைப் பார்த்தார். அவள் முகத்தில் அவருக்கு உதவியாக எதுவும் இல்லை. தூரத்தில், பிரதான சாலையில், போலீஸ் வண்டியின் சைரன் கேட்டது.

“மவுண்ட்… வேண்டாம்,” என்றார்.

பாஷா கத்தியைக் கீழே வைத்தார். புகார் மனுவைக் கையில் எடுத்தார். அதன் பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. அதைத் தாளாளரின் முன்னால் திருப்பி வைத்து, சட்டைப் பையிலிருந்து தன் பேனாவையும் எடுத்து அதன்மேல் வைத்தார்.

“மவுண்ட் வேண்டாம்னு அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். இல்லேன்னா நாளைக்கு அந்த ரெண்டு இஞ்ச் அட்டையைக் காணோம்னு மறுபடி என்னைத்தான் உக்கார வெப்பீங்க.”